எஜமானின் வசனம்

வீட்டோடு மாப்பிள்ளைக்கு அடிமை வேடம் கொடுத்தால் ஒத்திகையே தேவையில்லை என்று என் மைத்துனன் சொன்னான். சொன்னவன் வெளியூரில் தனிக்குடித்தனம் நடத்துகிறவன். என்ன வேண்டுமானாலும் சொல்வான்.

வேடம் கொடுத்தவள் என் மனைவி. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறாள். விடுமுறை நாள்களில் தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு நாடகம் போடுவாள். இந்த முறை அவள் தமிழாக்கி எடுத்துக்கொண்டது மிகப் பழைய ஓர் ஆங்கில நாடகம். நாடிழந்த பிரபு ஒருவர் ஒரு தீவில் வந்து ஒதுங்குகிறார். அங்கே ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான். பிரபு அவனுக்குத் தன் மொழியைக் கற்றுத்தருகிறார். பதிலுக்குத் தீவை எடுத்துக்கொண்டு அவனை விறகு சுமக்க வைக்கிறார். விறகு சுமப்பவன் நான். பிரபு, என் மாமனார்.

மாமா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வேதான் அவரை விட்டதே தவிர, அவர் ரயில்வேயை விடவில்லை. எங்கள் வீட்டில் குளியலறைக்குப் போகவும் சிக்னல் விழ வேண்டும். மோட்டாரை அணைக்கவில்லை, கேட்டைத் தாழிடவில்லை, செருப்பை ஜோடியாக விடவில்லை என்று தினமும் காலையில் என்மீது குற்றப்பத்திரிகை வாசிப்பார். நாடகத்தில் வெளியிலிருந்து வந்தவர் எஜமான். எங்கள் வீட்டில் வெளியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியவன் நான். அந்த ஒரு வித்தியாசத்தைத் தவிர மற்றபடி கதை ஒன்றுதான்.

அடிமைக்குக் கூன் வைக்கலாமா, உடம்பெல்லாம் முடி ஒட்டலாமா என்று ஆர்வத்தோடு கேட்டேன். மனைவி மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

"அவன் மிருகம் இல்லைங்க. அவனை மிருகம்னு சொன்னாத்தான் தீவை எடுத்துக்கிட்டவருக்கு ராத்திரி தூக்கம் வரும்."

ஆகவே கூனும் இல்லை, முடியும் இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அடிமை தன் பாறைமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிரபு உள்ளே வருவார். கால் இறங்கக் கூடாது. நாடகமே அந்தக் காலில்தான் இருக்கிறது என்றாள்.

கால் இறங்கியது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தால் அது என்னைக் கேட்காமலே தரையைத் தொட்டுவிடும். ஒரு ஒத்திகையில் நான் எழுந்தே நின்றுவிட்டேன். நின்றது போதாதென்று தோளில் இருந்த துண்டால் பாறையைத் தட்டியும் விட்டேன். மாமாவும் வழக்கப்படி அதில் உட்கார்ந்துவிட்டார். தீவைப் பறித்த கதையை இவ்வளவு சுமுகமாக யாரும் நடத்தியிருக்க முடியாது. மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ஆனால் அவளுடைய உண்மையான கவலை என் கால் இல்லை. சில மாதங்களுக்கு முன் மாமாவுக்கு லேசாக ஒரு பக்கவாதம் வந்து போயிருந்தது. கைகால் தேறிவிட்டது. சொற்கள் மட்டும் சில சமயம் ஒளிந்துகொள்ளும். தண்ணீர் என்று சொல்ல வந்து, அந்தச் சொல் வராமல், டம்ளரை முறைத்துக்கொண்டு நிற்பார். ஒத்திகையிலும் பிரபுவின் பெரிய வசனத்தில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிரபு வேடத்தின்மேல் முதலிலிருந்தே கண் வைத்திருந்த பல் டாக்டர் அதை முழுக்க மனப்பாடம் செய்துவிட்டதாகத் தெருவில் பேச்சு.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே மனைவி கேட்டாள், வேடத்தை டாக்டருக்கே கொடுத்துவிடலாமா என்று. நான் வேண்டாம் என்றேன்.

"சபையில அப்பா வார்த்தை வராம முழிச்சுக்கிட்டு நின்னா, அதை என்னால பாக்க முடியாதுங்க," என்றாள். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள்.

மறுநாள் மாமா என் கடைக்கு வந்தார். கண்ணாடிக் கடை, பார்வையைச் சோதித்து, லென்ஸ் தேய்த்து மாட்டிக்கொடுப்பது என் பிழைப்பு. அதற்கு முன் அவர் அங்கே வந்ததே இல்லை. மூக்கில் அழுத்துகிறது என்று கண்ணாடியைக் கழற்றித் தந்தார். அது சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் திருப்புளியை எடுத்துக் கொஞ்சம் திருகுவதுபோல் பாவனை செய்தேன். அவர் எழுத்துப் பலகைக்கு முன்னால் போய் நின்று, எனக்கு முதுகைக் காட்டியபடி, பிரபுவின் வசனத்தைச் சொல்லத் தொடங்கினார். முதல் நாலு வரி வந்தது. பிறகு நின்றது. பலகையில் கீழே போகப்போக எழுத்து சிறுத்துக்கொண்டே போகும், அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல சொல்ல வேண்டாம், மாப்ள," என்றார்.

அதன்பிறகு தினமும் வந்தார். நான் பாட்டுக்கு லென்ஸ் தேய்த்தேன். அவர் பாட்டுக்குப் பலகையிடம் பேசினார். உதவட்டுமா என்று நான் கேட்கவில்லை; கேட்டிருந்தால் மறுநாள் வந்திருக்க மாட்டார்.

நாடகத்தன்று மாலை பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. பல் டாக்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. திரை விலகியபோது நான் பாறைமேல் கால்மேல் கால் போட்டிருந்தேன். காலைப் பிடித்துக்கொள்ள முட்டியில் இரண்டு கையையும் கோத்திருந்தேன். செருமல் கேட்டது. கால் துடித்தது, ஆனால் இறங்கவில்லை.

மாமா நீண்ட அங்கியும் கையில் கோலுமாக வந்து நின்றார். பிரபு என்றால் பிரபுதான். வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை.

ஓரத்திலிருந்து மனைவி முதல் வரியை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பக்கத்துக் காது அவருக்குக் கேட்காது. மண்டபத்தில் யாரோ இருமினார்கள். மாமா என்னைப் பார்த்தார். எஜமான் அடிமையைப் பார்க்கிற பார்வை இல்லை அது. டம்ளரைப் பார்க்கிற பார்வை.

எனக்கு நடிப்பு வராது. ஆனால் அவரிடம் திட்டு வாங்கிய அனுபவம் உண்டு.

"நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு எனக்குத் தெரியும், எஜமான்," என்றேன், காலை ஆட்டிக்கொண்டே. "'ஊமையா கெடந்த உனக்குப் பேச்சு கொடுத்தவன் நான்'. அதானே?"

மாமாவின் கோல் நிமிர்ந்தது.

"ஆமா. கொடுத்தவன் நான்தான்."

"'கொடுத்த பேச்சை வச்சு என்னையே எதிர்க்கிறியா?' அடுத்து அதானே வரும்?"

"எதிர்க்கிறியா? என்னையே எதிர்க்கிறியா?" கோலைத் தரையில் தட்டினார். "இந்தக் காட்டையும் கடலையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கத்துக்கொடுத்தேன்..."

பிடித்துக்கொண்டார். இடையில் இரண்டு இடத்தில் வண்டி நின்றது. இரண்டு இடத்திலும் நான் ஏளனமாக அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பிடுங்கி என்மேலேயே வீசினார். மண்டபம் சிரித்தது. பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. தினமும் கேட்டுக் கேட்டு எஜமானின் வசனம் முழுவதும் அடிமைக்கு மனப்பாடமாகிவிட்டது என்றும், எஜமானுக்குத்தான் இப்போது அவனில்லாமல் பேச்சே இல்லை என்றும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. எனக்கு அப்போது அதெல்லாம் புரியவில்லை. அடுத்த வரி என்ன என்பது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

'தீவு என்னுடையது' என்று நான் கத்த வேண்டிய இடமும் வந்தது. இதற்காகத்தான் இந்த வேடத்துக்கே ஒப்புக்கொண்டிருந்தேன். ஆனால் எதிரே வியர்த்து நின்ற முகத்தைப் பார்த்ததும் கத்த வரவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னேன். மாமா ஒரு கணம் தலை குனிந்தார். அது வசனத்தில் இல்லை.

முடிந்ததும் பல் டாக்டர் மேடைக்கே ஏறி வந்து, எஜமானின் வசனத்தை அடிமை வாயில் வைத்த மாற்றம் பிரமாதம் என்று என் மனைவியின் கையைக் குலுக்கினார். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. என் துண்டின் நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துண்டிலிருந்த என் ஒப்பனையெல்லாம் அவள் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை நான் கூடத்தில் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். செருமல் கேட்டது. கால் தானாக இறங்கியது, பழகிய கால். மாமா வாசற்படியில் நின்று வெளியே கையைக் காட்டினார். முகத்தில் கோபம் தயாராக இருந்தது. சொல் மட்டும் வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். கேட் அகலத் திறந்து கிடந்தது.

"நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியும், மாமா. 'வீடா, சத்திரமா? கேட்டைத் தாழ்போடத் தெரியாதா?' அதானே?"

மாமா என்னையே பார்த்தார். மீசை லேசாக ஆடியது.

"ஆமா," என்றார். "செருப்பையும் சேத்துக்குங்க, மாப்ள."