கையில் ஒட்டாத கொழுப்பு

போன தடவை எண்பத்து நான்கு. இந்தத் தடவை நூற்றுப் பன்னிரண்டு. பவுலினா ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். அருள்ஜோசப், வயது ஐம்பத்தொன்று. அவள் புருஷனேதான்.

செப்டம்பரில் ஓசூர் சிப்காட்டில் மெஷினில் நின்றுகொண்டிருந்தவரை நெஞ்சைப் பிடித்தபடி தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடைத்த ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், கெட்ட கொழுப்பை எழுபதுக்குக் கீழே கொண்டுவரச் சொல்லியிருந்தார். வராவிட்டால் இன்னொரு குழாய் அடைக்கலாம். மாத்திரையை அவர் ஒரு நாளும் விட்டதில்லை. சமையல் பவுலினா கையில்.

இது தவக்காலம். அவர்கள் வீட்டில் நாற்பது நாளும் கவிச்சி கிடையாது. கறி இல்லை, மீன் இல்லை, முட்டைகூட இல்லை. அதோடு இந்த வருஷம் தாளிப்பையும் நிறுத்திவிட்டாள். எண்ணெயே போகாத உடம்பில் கொழுப்பு எங்கிருந்து ஏறும்?

அதையே ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் அருணாவிடம் கேட்டாள்.

"காலையில இருந்து வரிசையா சொல்லுங்கக்கா," என்றாள் அருணா.

"இட்லி. மத்தியானம் சோறு, தாளிக்காத சாம்பார். ராத்திரி கோதுமை ரவை உப்புமா, அதுவும் தண்ணியிலயே."

"நடுவுல? டீ பிரேக்ல?"

"கான்டீன் போண்டாவப் புழிஞ்சா ஒரு விளக்கு ஏத்தலாம். அதான் தவக்காலம் ஆரம்பிச்சதுல இருந்து நானே டப்பாவுல போட்டு அனுப்பறேன். எண்ணெய் இல்லாததுதான். பேக்கரில அடுக்கடுக்கா மொறுமொறுன்னு விப்பாங்களே, வர்க்கி."

"எத்தன?"

"காலைக்கு நாலு, சாயந்தரம் நாலு. கறி மீன் இல்லாம பசி தாங்கமாட்டாரே."

அருணாவின் பேனா நின்றது. "வர்க்கில எண்ணெய் இல்லன்னு யாரு சொன்னாங்க?"

"தொட்டா கையில ஒட்டாதேம்மா! பொரிக்கலயே, சுடறதுதான?"

"போற வழியில பேக்கரில நின்னு, அத எப்படிப் பண்றாங்கன்னு பாருங்க. மிச்சத்த அப்புறம் பேசலாம்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பேக்கரி கெம்பம்மாவுடையது. வீட்டில் கன்னடம், கல்லாவில் தமிழ். பவுலினா கேட்டதும், "ஏன், நீயும் கடை போடப் போறியா?" என்று சிரித்தபடி உள்ளே கூட்டிப் போனாள்.

மேசையில் மைதா மாவு பாய்போல விரிந்திருந்தது. கெம்பம்மா டின்னிலிருந்து வெள்ளையான வனஸ்பதியைக் கைநிறைய அள்ளி அதன்மேல் பூசினாள். மடித்தாள், தேய்த்தாள், மறுபடி பூசினாள். ஒரு மடிப்பு இன்னொன்றோடு ஒட்டாமல் இருக்கக் காரணம் நடுவில் கிடக்கும் அந்தக் கொழுப்புதான். அடுப்புச் சூட்டில் மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கிவிடும். ஆறியதும் கொழுப்பு திரும்ப உறைந்து உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும். விரலில் மாவுத்தூள்தான் ஒட்டும்.

"இவ்வளவா போடுவீங்க?"

"கம்மி பண்ணா வர்க்கி ஆவாது, வரட்டி ஆயிடும்."

பவுலினா அங்கிருந்தே அருணாவுக்குப் போன் போட்டாள். அருணா பொறுமையாகச் சொன்னாள். கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து பிடித்து வெளியேற்றுவது கல்லீரல். இப்படி உறைந்து நிற்கும் கொழுப்புகளில் பெரும்பாலானவை அதிகம் போனால் அந்த வேலை மந்தமாகிவிடும். மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, வர்க்கி மறுபக்கம் இழுக்கும். கடலை எண்ணெய், மீன் கொழுப்பு அப்படியில்லை. அளவாகச் சேர்த்தால் நல்லதுதான்.

"அப்ப நல்லத நிறுத்திட்டு, கெட்டத டப்பாவுல கட்டிக் குடுத்திருக்கேனா?"

"வேணும்னேவா பண்ணீங்க? வர்க்கிய நிறுத்துங்க. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்."

சாயங்காலம் அருள்ஜோசப் வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார். "என்னா சொன்னாங்க? ஈஸ்டருக்கு ஆட்டுக்கறி உண்டா?"

அவள் நூற்றுப் பன்னிரண்டைச் சொன்னாள். பிறகு, சொல்லாமலே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்த மற்றதையும் சொன்னாள்.

"ஏங்க, நான் அனுப்புன வர்க்கிதாங்க ஏத்தியிருக்கு."

அவர் கை தானாக நெஞ்சுக்குப் போய்த் திரும்பியது. "அப்ப கான்டீன்ல எல்லாரும் போண்டா தின்ன, நான் மட்டும் வர்க்கியத் தின்னுட்டு பத்தியக்காரன்னு பெருமையா உக்காந்திருந்தனா?" என்று சிரிக்கப் பார்த்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

"விடும்மா. என் வாய்தான தின்னுச்சு? நாளைக்கு என்னா தர்ற?"

"சுண்டல்."

அதைத் தாளிக்க வாணலியை வைத்தாள். இத்தனை நாளாக எதற்குப் பயந்தாளோ அந்தக் கடலை எண்ணெய் கரண்டியில் நிறைந்திருந்தது. நல்லது என்கிறார்கள். எவ்வளவு நல்லது? அருணா சொன்ன ‘அளவாக’ என்பது இந்தக் கரண்டியா, டீ ஸ்பூனா?

சட்டி காய்ந்து புகைய ஆரம்பித்தது. பவுலினா அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி போனை எடுத்தாள்.