திரை ஓரத்தில் வந்த செய்தி

பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது சின்னவளின் வேலை. வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் சின்னவள். முப்பத்தொரு வயதாகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. ஒருநாள் கிளினிக்கின் போன் வாய் கொப்பளிக்கும் தொட்டிக்குள் விழுந்து உயிரை விட்டது. டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டார்.

“உன் போனையே நம்ம கம்ப்யூட்டரோட இணைச்சுக்கோயேன். ஒரு வாரம்தான். அப்புறம் தனியா ஒண்ணு வாங்கிடலாம்.”

இணைப்பது பெரிய வேலையாக இல்லை. கணினித் திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வந்தன, போன் கேமராவை அதன்மேல் காட்டினாள், ‘இந்தக் கணினியை நம்புகிறீர்களா’ என்று போன் கேட்டது, ஆமென்று அழுத்தினாள். அன்று முதல் அவளுக்கு வரும் குறுஞ்செய்திகள் எல்லாம் திரையிலும் வந்தன. பத்து விரலாலும் தட்டி அனுப்பலாம். கட்டைவிரல் வலி போயிற்று. ‘நாளை காலை பத்தரை, சாப்பிட்டுவிட்டு வரவும்’ என்று நாற்பது பேருக்கு அனுப்பக் கால்மணி நேரம் போதும். கூட வேலை பார்த்த நர்ஸ், வாய் ஓயாமல் பேசுவதால் எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுகிறவள், “இனி உனக்கும் எனக்கும் ஒரே வேகம்” என்று சிரித்தாள்.

ஒரு வாரம் நான்கு மாதமாயிற்று.

சின்னவளின் அக்கா அந்த நான்கு மாதத்தில்தான் வீட்டை விட்டு வெளியேறினாள். அத்தான் வண்டி ஓட்டப் பழக்குகிறவர். பயந்து நடுங்கும் பெண்களுக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “கிளட்ச்சை மெதுவா விடுங்கம்மா, வண்டி எங்கயும் ஓடிடாது” என்று சொல்லும் பொறுமையை ஊரே புகழும். வீட்டுக்குள் அவர் வேறு ஆள். ஒருமுறை அக்காவின் கை கதவு நிலைக்கட்டையில் இருக்கும்போதே கதவை அறைந்து சாத்தினார். இரண்டு விரல் கோணலாகவே சேர்ந்தன. அதை ஆறு வயது மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த மாதம் அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போய், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கே இருக்கிறாள் என்பது சின்னவளுக்கு மட்டும் தெரியும். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அம்மா மாப்பிள்ளையின் கண்ணீருக்குக் கரைந்துவிடுவாள் என்று இருவருக்கும் பயம்.

சின்னவள் கவனமாகத்தான் இருந்தாள். போனில் அக்காவின் பெயரை ‘தையல் கடை’ என்று மாற்றி வைத்தாள். வேலை நேரத்தில் போனைச் சத்தம் அடக்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவாள்.

அத்தான் ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு கிளினிக்குக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கன்னத்தைக் கையால் தாங்கியிருந்தார்.

“கடைவாய்ப் பல்லும்மா. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல.”

“உக்காருங்க அத்தான். இன்னிக்கு இடம் இருக்கான்னு பாக்குறேன்.”

“அக்கா பேசினாளா?”

“இல்லையே.”

“பாப்பாவைப் பாக்காம இருக்க முடியலம்மா. நான் தப்புப் பண்ணிட்டேன், ஒத்துக்குறேன். அதை அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான்.”

“பேசினா சொல்றேன் அத்தான்.”

குரல் நடுங்காமல் சொன்னதில் அவளுக்கே கொஞ்சம் பெருமை. குறிப்பேட்டை எடுக்கக் குனிந்தாள். திரை நோயாளிகள் பக்கம் பாதி திரும்பியிருந்தது. தங்கள் பெயரையும் நேரத்தையும் அவர்களே பார்த்துச் சரிசொல்லட்டும் என்று டாக்டரம்மா அப்படி வைக்கச் சொல்லியிருந்தார். அவள் நிமிர்ந்தபோது அத்தான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கீழ்மூலையில் ஒரு சின்னச் சதுரம் மறைந்துகொண்டிருந்தது.

“வலி இப்போ குறைஞ்ச மாதிரி இருக்கு. இன்னொரு நாள் வரேம்மா” என்றார். அவசரமே காட்டாமல் கதவைத் திறந்து, உள்ளே வந்த ஒரு கிழவருக்கு வழிவிட்டுப் போனார்.

சின்னவள் செய்தியைத் திறந்தாள். தையல் கடை. ‘பாப்பாவை இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன். ரயில்வே கேட் தாண்டி தண்ணித் தொட்டி பக்கத்துல மஞ்சள் கட்டடம். அவ அழவே இல்லடி.’

அக்காவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆலையில் அக்காவுக்குப் பதினொரு மணி இடைவேளை பத்து நிமிடம்தான். அது முடிந்ததும் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டு உள்ளே போக வேண்டும், இரண்டு மணி வரை தொட முடியாது. ஆலையின் நம்பர் அவளிடம் இல்லை. கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றியதும் இல்லை. பள்ளிக்கூடத்தின் பெயரே தெரியாது. பத்து விரலாலும் தட்டினாள்: ‘அத்தான் பாத்துட்டார். உடனே பள்ளிக்கூடம் போ.’ செய்தி போய்ச் சேர்ந்தது. படிக்கப்படவில்லை.

உள்ளே போய், உடனே வெளியே போக வேண்டும் என்றாள். டாக்டரம்மா ஒருவரின் வாயில் பாதி வேலையில் இருந்தார். “பத்து நிமிஷம் பொறு, ரேடியோ கை கழுவிட்டு வந்து உக்காரட்டும்” என்றார். பொறுத்தாள். பத்து நிமிடம் இருபதாயிற்று. அந்த இருபது நிமிடத்தில் இரண்டு நோயாளிகளுக்கு நேரம்கூடக் குறித்துக் கொடுத்தாள். ஏன் எழுந்து ஓடவில்லை என்று பின்னால் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். யாரும் போ என்று சொல்லாமல் நாற்காலியை விட்டு எழுந்து பழக்கமில்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

பேருந்து ரயில்வே கேட்டில் நின்றது. இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி ஓடினாள். மஞ்சள் கட்டடத்தில் தலைமை ஆசிரியை வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

“அப்பா வந்து கூட்டிட்டுப் போனாரும்மா. பாட்டிக்கு உடம்பு சரியில்லைன்னார். கையெழுத்துகூடப் போட்டிருக்கார் பாருங்க.”

“அவர் அப்பாதான்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?”

“குழந்தை அப்பான்னு ஓடிப் போச்சே.”

கையெழுத்து அழகாக இருந்தது.

அக்கா இரண்டேகாலுக்கு வந்து சேர்ந்தாள். ஆலையின் நீலச் சட்டையைக் கழற்றக்கூட இல்லை. சலவை மருந்து நெடி அடித்தது. வாசலில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்ததும் நின்றாள்.

“யார்கிட்டடி சொன்னே?”

“சொல்லலக்கா. சத்தியமா சொல்லல. நீ அனுப்பினது கம்ப்யூட்டர் திரையில வந்துச்சு. அவர் முன்னாடி நின்னுட்டு இருந்தார்.”

“நான் உன் போனுக்குத்தானே அனுப்பினேன்?”

“போனை அதோட இணைச்சிருந்தேன்.”

“எதுக்கு?”

சின்னவளிடம் இருந்த காரணங்கள் மூன்று. டாக்டரம்மா கேட்டார், கட்டைவிரல் வலித்தது, தட்டுவதற்குச் சுலபம். அக்கா அவளை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. கோணல் விரல் இரண்டையும் மற்ற கையால் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

போலீஸ் நிலையத்தில் எழுத்தர், “பெத்த அப்பாகூடத்தானேம்மா இருக்கு? கடத்தல்னு எப்படி எழுத?” என்று கேட்டார். கதவில் நசுங்கிய விரலுக்கு அன்றே புகார் கொடுத்தீர்களா என்றும் கேட்டார். கொடுக்கவில்லை. வழக்கறிஞரைப் பார்த்தார்கள், நீதிமன்றம் போனால் மூன்று மாதமாவது ஆகும் என்றார். நான்காம் நாள் அத்தானிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது, சின்னவளின் போனுக்கு. ‘பாப்பா சாப்பிட மாட்டேங்குறா. அம்மாவை வரச் சொல்லு.’

அக்கா அன்று மாலையே திரும்பிப் போனாள். சின்னவள் தெருமுனை வரை பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே அக்கா பையை வாங்கிக்கொண்டாள்.

“இதுக்கு மேல வராத.”

கிளினிக்குக்குப் புதுப் போன் மறுநாளே வந்தது. சின்னவள் கணினியிலிருந்து தன் போனைத் துண்டித்தாள். அதற்கும் ஒரே ஒரு பொத்தான்தான்.

அதன்பின் அக்காவைப் பார்த்தது இரண்டே முறை. இரண்டு முறையும் அத்தான்தான் கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், நகராமல் அங்கேயே இருந்தார். அக்கா சமையலறையிலிருந்து “நல்லா இருக்கியா?” என்று கேட்டாள். இரண்டாம் முறை அவள் இடது காது ஓரம் தலைமுடியால் மூடியிருந்தது. அதைக் கேட்கும் உரிமை சின்னவளுக்கு மிச்சமில்லை.

ஏழாவது மாதம் அக்கா மறுபடி போய்விட்டாள், பாப்பாவோடு. போனை அடுப்படியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். யாருக்கும் ஒரு வார்த்தை இல்லை. அத்தான் சின்னவளும் அம்மாவும் இருந்த வீட்டுக்கு வந்து, கூடத்தில் நின்று சின்னவளை முதன்முறையாகக் குரல் உயர்த்திக் கேட்டார். அவள் தெரியாது என்றாள். உண்மையிலேயே தெரியாது. அவர் நம்பவில்லை. போகும்போது வாசலிலிருந்த செருப்புகளை எட்டி உதைத்துவிட்டுப் போனார். அதை அம்மா பார்த்தாள். மாப்பிள்ளையைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

ஆனால் அம்மாவும் சின்னவளை நம்பவில்லை.

“எனக்கு மட்டும் சொல்லுடி. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

“எனக்கே தெரியாதும்மா.”

“போன தடவையும் இப்படித்தான் சொன்னே.”

தினமும் கேட்டாள். சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைந்தது. ஒரு மத்தியானம் ஜன்னலோரம் படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே, “உயிரோட இருக்காளான்னு மட்டும் சொல்லு” என்றாள்.

சின்னவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“இருக்காம்மா. நல்லா இருக்கா.”

அம்மா கண்ணைத் திறந்தாள். “பேசினாளா?”

“பேசினா.”

“பாப்பா?”

“வளந்துட்டா. முன்பல் ரெண்டும் விழுந்துடுச்சாம்.”

அம்மா எழுந்து உட்கார்ந்து, கொஞ்சம் கஞ்சி கேட்டாள். சின்னவள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, நாளைக்கு அம்மா கேட்டால் பாப்பாவைப் பற்றி வேறென்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினாள்.