சம்மாட்டி வாசித்த புயல்

ஹசன் அலி சம்மாட்டி புயலை வர்ணித்த அழகுக்கு யாரும் கைதட்டாததுதான் குறை. அவருடைய விசைப்படகு கவிழ்ந்து இரண்டு பேர் செத்திருந்தார்கள். அவரோ பாம்பன் மீனவர் சங்கக் கட்டடத்தில், விசாரணைக்கு வந்த மீன்வளத்துறை அதிகாரியின் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கையிலிருந்த போனைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"வானம் இருண்டது. இடி முழங்கியது. மின்னல் வெட்டில் மதார் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். 'வா' என்று புயலைச் சிரித்துக்கொண்டே அழைத்தான்."

போனைத் தாழ்த்திவிட்டு அதிகாரியைப் பார்த்தார். "நான் சொல்லல சார். அவன் கூடப்பொறந்த தங்கச்சி, காலேஜ் டீச்சர், அதுவே எழுதிப் போட்டுருக்கு. புயல் கூண்டு ஏத்தியிருக்குடா, போவாதடான்னேன். கேட்டாத்தான? ஆபீஸ்ல அனுமதி டோக்கன் வாங்காம போட்ட எடுத்துட்டுப் போயிட்டான்."

படகை ஓட்டிச் செத்த மதாரின் தங்கை மாஷிதா ஆத்திரத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். எழுதியது அவள்தான். காக்காவை, அவள் அண்ணனை, அடக்கம் செய்த அன்று, அழுது வீங்கிய கண்ணோடு வாட்ஸ்அப்பில் போட்டாள். ராமநாதபுரத்துக் கல்லூரியில் அவள் நடத்துவது பழைய ஆங்கிலப் பேய்க்கதைகள். பாழடைந்த கோட்டை, அதைச் சுற்றி இடி, மின்னல். அந்தக் கதைகளில் புயல் சும்மா வராது. பாவம் செய்தவன் கதவைத்தான் தட்டும், திமிர் பிடித்தவன் தலையில்தான் இறங்கும். அந்தப் புயலைத் தூக்கி வந்து காக்காவின் தலையில் இறக்கியிருக்கிறாளே, படித்த முட்டாள்! அவள் வீரம் என்று எழுதினாள், சம்மாட்டி அதைத் திமிர் என்று வாசிக்கிறார். இதுவே உண்மையென்று பதிவானால் காக்காதான் கொலைகாரன்.

எதிர் வரிசையிலிருந்து வீரலட்சுமி வெடித்தாள். செத்த இன்னொருவனின் மனைவி அவள்.

"ஒங்கண்ணன் வீரத்தக் காட்ட எம்புருசன் உசுருதானா கெடச்சுச்சு?"

மதாரின் மனைவி உம்மு ஹபீபா இத்தா என்னும் துக்கக் காலத்தில் இருந்தாள், வீட்டைவிட்டு வர முடியாது. காலையில் மாஷிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். "எம்புள்ளையள ஊருக்குள்ள தலகுனிய வச்சுறாதம்மா."

கடற்கரையில் ஓர் ஆண்பிள்ளையைக் கொலைகாரன் என்றால்கூட ஊர் சகித்துக்கொள்ளும். பயந்தாங்கொள்ளி என்றால் பேரன் காலம்வரைக்கும் சிரிக்கும். மாஷிதாவிடம் இருந்த உண்மையோ அந்த இரண்டாவதுதான். அவள் எழுந்தாள்.

"சார், அது எங்க காக்கா இல்ல. நான் பாடம் நடத்துற கதையில வார ஆளு. எங்க காக்கா பயந்தாங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தான். அவள் குரல் உயர்ந்தது.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க! கூண்டப் பாத்துட்டு வந்ததுலருந்து வயித்தக் கலக்கி, கொல்லைக்கும் வீட்டுக்குமா நடந்தாங்க. போக மாட்டேன்னுதான் சொன்னாங்க. அப்பத்தான் இவருட்டருந்து போன் வந்துச்சு. நாளைக்கு நாட்டுப்படகு கடலுக்குப் போற முறை, இன்னைக்கு நம்ம முறைய விட்டுட்டு உக்கார முடியாது, நீ போகலைன்னா போட்டுல வேற டிரைவர் ஏறுவான்னாரு. நானும் எங்க மச்சி ஹபீபாவும் பக்கத்துலதான் நின்னோம்."

"பொய்!" என்றார் சம்மாட்டி. "பொம்பளப் புள்ள அழுதா எதையும் நம்பிருவீகளா சார்?"

"நான் அழுகல. ஒங்க மேல காறித் துப்பக்கூடாதேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

சுவரோரம் நாகேந்திரன் நின்றிருந்தான். அந்தப் படகிலிருந்து உயிரோடு வந்தவன் அவன் ஒருவன்தான். இப்போதும் சம்மாட்டியின் வேறொரு படகில் வேலை. அதிகாரி அவன் பக்கம் திரும்பினார்.

"இடி மின்னல் எப்ப ஆரம்பிச்சுச்சு?"

நாகேந்திரன் சம்மாட்டியைப் பார்த்தான். பிறகு மாஷிதாவைப் பார்த்தான்.

"இடியும் இல்ல, மின்னலும் இல்ல சார். பட்டப்பகலு. வாடைக்காத்து, மழ, அம்புட்டுத்தான். காத்து கூடும்னு எல்லாருக்கும் தெரியும். திரும்பிருவோம்னு மதார் அண்ணன் கெஞ்சுனாரு. ஓனரு வயர்லெஸ் மைக்லயும் வஞ்சாரு. வலயில மீன் ஏறாம கரைக்கு வராதீகன்னாரு." மாஷிதா பக்கம் திரும்பினான். "அண்ணன் பயந்து நடுங்குனாரு சார், பொய் சொல்லல. நடுங்குற கையாலதான் எனக்கு மெதக்கக் காலிக் கேனக் கட்டிவிட்டாரு. அவருக்குக் கட்ட இன்னொரு கேன் இல்ல."

மாஷிதாவின் ஆத்திரம் தீரவில்லை. இந்த நாலு வார்த்தையைச் சொல்ல இவனுக்கு இவ்வளவு நாள் வாய் வரவில்லையே என்று அவன்மீதும் வந்தது. காக்கா கட்டிவிட்ட கேனில் மிதந்து வந்தவன்தானே! ஆனால் நாளை முதல் சம்மாட்டி அவனை எந்தப் படகிலும் ஏற்றமாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

சம்மாட்டி நாற்காலியில் நிமிர்ந்தார். "கடல்னா அப்புடித்தான் சார். அல்லா நாட்டம். யாரு என்ன செய்ய முடியும்?"

வீரலட்சுமி எழுந்தாள். மாஷிதாவைத் தாண்டிப் போய், அவருக்கு நேர் எதிரே நின்றாள்.

"எந்திரிய்யா," என்றாள். "எந்திரிச்சு நின்னு சொல்லு."