பொஸ்பரஸும் விஜயகலாவும்

என் மனைவி விஜயகலா பொலிசில் சேர்ந்திருக்க வேண்டியவள். தெரணியகலைப் பக்கம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்து வீணாகிக்கொண்டிருக்கிறாள்.

என் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து கேகாலை ஆஸ்பத்திரிக்குப் போய் மெசினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறேன். ஆனால் பொஸ்பரஸை மெசினால் போதுமான அளவு எடுக்க முடியாதாம். அது ஏறினால் எலும்பு கெடும், இருதயக் குழாய் இறுகும் என்று டொக்டர் சொன்னார். அதனால் பொஸ்பரஸ் கூடிய நெத்தலிக் கருவாடும் பால் தேத்தண்ணியும் வீட்டில் நின்றுபோயின. அப்படியும் ஒவ்வொரு பரிசோதனையிலும் பொஸ்பரஸ் ஏறியே இருந்தது. உடம்பெல்லாம் ஒரே அரிப்பு.

விஜயகலாவுக்குச் சந்தேகம் என் மேல்தான். டவுனுக்குப் போய் வந்தால் கையை முகர்ந்து பார்ப்பாள்.

"முக்தார் கடையில என்னா தின்னீங்க?"

"ஒன்னும் திங்கல கலா."

"அப்ப கருவாடு தானா நடந்து வந்து ரத்தத்துல ஏறுச்சா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆசைப்பட்டதையெல்லாம் விட்டவனைத் திருடன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? பொஸ்பரஸைக் குறைக்க டொக்டர் தந்த மாத்திரைப் போத்தலையும் பறித்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். நான் வீசிவிடுவேனாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் எந்த மருந்துக்கும் ஒரே வழக்கம்தான்: சாப்பாடு செரித்த பிறகு சுடுதண்ணியில் விழுங்க வேண்டும். அதன்படி, சோறு தின்று வெகு நேரம் கழித்து அவளே மாத்திரையை என் வாயில் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள்.

இந்த முறை கிளினிக்குக்கு அவளும் வந்தாள், என்னை மாட்டிவைக்க.

"இவரு களவா திங்கிறாரு மிஸ்," என்று நர்ஸ் ஸாஹிராவிடம் முறையிட்டாள்.

"மாத்திரை எப்ப குடுக்குறீங்க?" என்று கேட்டார் ஸாஹிரா.

"சாப்பாடு நல்லா செரிச்ச பொறகுதான். நானே குடுக்குறேன்," என்றாள் விஜயகலா பெருமையாக.

"ஐயோ அக்கா! இத சோத்தோட சேர்த்து மென்னு திங்கணும். அப்பதான் சாப்பாட்டுல உள்ள பொஸ்பரஸ வயித்துலயே புடிச்சு வெளிய கொண்டுபோகும். ரத்தத்துல ஏறின பொறகு குடுத்தா எதப் புடிக்கும்?"

திரும்பி வரும்போது பஸ்ஸில், மாதக்கணக்கில் நான் சேர்த்துவைத்த பதிலெல்லாம் நாக்கு நுனியில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டு, தட்டின் ஓரத்தில் மாத்திரையை வைத்தாள். போத்தலை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே வச்சுக்குங்க. இனி நான் பாக்க மாட்டேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இத்தனை நாளும் அவளை ஆட்டிவைத்தது நான் செத்துவிடுவேனோ என்ற பயம்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இங்கிட்டு திரும்பு கலா," என்றேன். "நீ பாக்காட்டி எனக்கு சோறு எறங்காது."