ஈனிட்டுக்காகப் போட்ட ஓட்டு

நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை. அந்த ஆளிடம் சொன்னால் மன்னித்துத் தொலைத்துவிடுவார்.

என் மனைவி ஈனிட் மஞ்சள் கட்சி. நான் சிவப்பு. எங்களுடையது சுரங்க ஊர். இங்கே கழுதைக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி நிறுத்தினாலும் பாராளுமன்றத்துக்குப் போய்விடும். ஓரிரு தடவை போயும் இருக்கிறது. ஈனிட் நாற்பது வருஷமாக மஞ்சளுக்குப் போட்டாள், நாற்பது வருஷமும் தோற்றாள். தேர்தல் நாள் காலையில் நான் தவறாமல் ஆரம்பிப்பேன்.

"நீ ஒண்ணு போடுவ, நான் ஒண்ணு போடுவேன், கழிச்சாப் பூஜ்யம். மழை வேற. ரெண்டு பேரும் வீட்லயே இருந்துடலாமே."

"நான் சரின்னு உட்கார்ந்ததும் நீ பின்வாசல் வழியா ஓடுவ. உன்னை எனக்குத் தெரியாதா, கிழவா?" என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அந்த வருஷம் தேர்தல் முறையையே மாற்றலாமா என்று நாட்டு மக்களைக் கேட்டார்கள். ஒரே ஒரு பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போடுவதை விட்டுவிட்டு, வேட்பாளர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடலாமா? முதல் ஆள் போட்டியிலிருந்து வெளியேறினால் அந்த ஓட்டு அடுத்த ஆளுக்குப் போகும். ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான் கேள்வி. இது அவள் கட்சியின் பழைய கோரிக்கை; ஈனிட் இதற்காக எத்தனையோ வருஷம் வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் போட்டு, நாய்களிடம் கடிபட்டவள். கேள்வி வந்து சேர்ந்தபோது அவள் இதயம் களைத்துப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"இந்த எண் போடுற முறை உனக்கு இன்னுமா புரியலை? நான் கல்யாணம் பண்ணினதே அப்படித்தான்," என்றாள் படுக்கையிலிருந்து. "பஸ் டிரைவர் நார்மன் எனக்கு ஒண்ணாம் நம்பர். அவன் லீட்ஸ் ஊர்க்காரி ஒருத்தியைக் கட்டிக்கிட்டுப் போயிட்டான். ரெண்டாம் நம்பர் நீ."

"அப்போ அந்த முறை உருப்படாதுன்னு இப்பவே தெரியுதே."

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து என்னைத் திட்டினாள்.

மூச்சு அடங்கியதும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வில்ஃப், இந்தத் தடவை தொகுதியெல்லாம் கிடையாது. நாடு முழுக்க ஒரே கூட்டல். என் வாழ்க்கையிலயே முதல் தடவையா என் ஓட்டு குப்பைக்குப் போகாது."

எழுந்து போக அவளால் முடியாது. அவள் சார்பில் நான் போடுவதாகப் படிவம் நிரப்பினோம். வார்டு தலைமை நர்ஸ் கையெழுத்துப் போட்டாள்.

"உன்னோடதுல நீ என்னத்தையோ போட்டுக்கோ. என்னோடதுல ஆம். சத்தியமா?"

"சத்தியமா."

"உனக்கு வாய்தான் மோசம். பொய் சொல்ல மாட்ட," என்றாள்.

அவள் கட்சி முந்தின வருஷம் நீலக்காரர்களோடு சேர்ந்து ஆட்சியில் உட்கார்ந்திருந்தது. எங்கள் சுரங்கத்தை மூடிய அதே நீலக்காரர்கள்! அதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. ஏப்ரலில் செலவைக் குறைக்கிறோம் என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் நேர் பஸ்ஸையும் நிறுத்தினார்கள். ஓட்டுப்போடும் நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, இரண்டாவது பஸ்ஸுக்காக மழையில் ஒரு மணி நேரம் நின்றேன். ஓட்டுச்சாவடி வைத்திருந்த தேவாலய மண்டபத்துக்குள் நுழையும்போது என் பூட்ஸுக்குள் தண்ணீர்.

ஓட்டுச்சீட்டு கொடுத்தது எங்கள் தெருக்காரி பெரில். "உனக்கு ஒண்ணு, ஈனிட்டுக்கு ஒண்ணு. எப்படி இருக்கா?"

"வாய் நல்லாத்தான் இருக்கு."

மறைவுக்குள் போய் முதலில் என் சீட்டில் 'இல்லை' போட்டேன். பிறகு அவள் சீட்டை விரித்தேன். அந்த பஸ் ஞாபகம் வந்தது. டிவியில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் கட்சிக்காரர்கள் ஞாபகம் வந்தார்கள். அதிலும் 'இல்லை' போட்டேன். கை தவறவில்லை, தெரிந்தேதான் போட்டேன். அந்தப் பயல்களுக்கு ஓர் அறை விட்ட மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் ரொம்ப இதமாகக்கூட இருந்தது, அதையும் மறைக்கப்போவதில்லை.

அப்புறம்தான் மறைவுக்கு வெளியே தலையை நீட்டிப் பெரிலைப் பார்த்தேன். தப்பாப் போட்டுட்டேன், வேற குடு என்று கேட்டிருந்தால் பெரில் கொடுத்திருப்பாள். ஆனால் என்ன தப்பு என்று கேட்பாள், சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். வெட்கம் கெட்ட நான் இரண்டையும் மடித்துப் பெட்டியில் போட்டேன்.

மறுநாள் அவள் கேட்ட முதல் கேள்வி, "போட்டியா?"

"போட்டேன்."

"ஆம்?"

"ஆமா."

சனிக்கிழமை பேப்பரில் முடிவு முழுதாக வந்தது. 'ஆம்' படுதோல்வி. அழுவாள் என்று பயந்துகொண்டே போனேன். அவள் அழவில்லை.

"நம்ம ஊர்ல ஆம் எத்தனை?"

"பன்னிரண்டாயிரத்து நானூத்தி ஏழு."

"திரும்பச் சொல்லு." சொன்னேன். ஏதோ பரிசு விழுந்த மாதிரி அவள் முகம் மலர்ந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸிடம், "அந்தக் கடைசி ஏழுல ஒண்ணு என்னோடது," என்றாள். "இந்த மனுஷனுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் மழையில போய் எனக்காகப் போட்டுட்டு வந்திருக்கான்."

"நல்ல புருஷன்தான்," என்றாள் நர்ஸ்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு வாங்கிப்போன திராட்சையை நான் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தேன். லட்சக்கணக்கில் தோற்றதில் ஒரு ஓட்டு என்னத்தைச் சாதித்திருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். அவளிடம் இருந்ததே அந்த ஒன்றுதானே, படுபாவி நான்.

"தேங்க்ஸ், வில்ஃப்," என்றாள். நாற்பத்தொன்பது வருஷத்தில் எங்களுக்குள் அந்த வார்த்தை வந்ததே இல்லை.

"பரவாயில்லை," என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டாள். அந்தப் பன்னிரண்டாயிரத்து நானூற்று ஏழு பேரில் தானும் ஒருத்தி என்று நம்பிக்கொண்டே போனாள்.