தானா திரும்புச்சு

ஆட்டோபைலட்டில் கோளாறு எதுவும் இல்லை என்று சின்னவன் இதுவரை இரண்டு முறை சொல்லியிருந்தான். முதல் முறை, அண்ணன் செத்த நான்காம் நாள், வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும். இரண்டாம் முறை, துறைமுக ஆபீஸ் விசாரணை அதிகாரியிடம். இரண்டு முறையும் பொய் சொல்லவில்லை. பேட்டரி பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஒயர் முனைகளில் உப்புப் பூக்கவில்லை. சுக்கானைத் தள்ளும் எண்ணெய்க் குழாயில் காற்று அடைக்கவில்லை. பொத்தானை அமுக்கினால் சுக்கான் பத்து டிகிரி இந்தப் பக்கம் போனது, பத்து டிகிரி அந்தப் பக்கம் போனது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நடுவில் வந்து நின்றது.

மெஷினில் தப்பு இல்லையென்றால் தப்பு அண்ணியிடம். நாலு பேர் சேர்ந்து யோசிக்க வேண்டிய விஷயமே இல்லை.

எட்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படகில் மூன்று பேர் போனார்கள். அண்ணன், அண்ணி, அம்மா. லீவு நாளில் கடல் காற்று வாங்க அண்ணன் ஆசைப்பட்டு வாங்கிய மோட்டார் படகு அது. கரை தாண்டியதும் ஆட்டோபைலட்டைப் போட்டான். அண்ணியை வீலுக்கு முன்னால் உட்காரவைத்து, "சும்மா பாத்துக்க, அதுவே போகும்" என்றான். அம்மா உள்ளே கேபினில் படுத்திருந்தாள். தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்த கயிறு ஒன்றை எடுக்க அண்ணன் இடது ஓரமாகப் பின்பக்கம் நடந்தான். படகு வலது பக்கம் வெட்டித் திரும்பியது. அவன் இடது பக்கம் விழுந்தான். வேகமாகப் போகும் படகு வலது பக்கம் திரும்பினால் அதன் பின்பக்கம் இடது பக்கம் வீசும். ப்ரொப்பெல்லர் இருப்பது பின்பக்கத்தில்.

"நான் வீலைத் தொடல. தானா திரும்புச்சு." அண்ணி அன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான். கேட்டவர்களிடமெல்லாம் இதையே சொன்னாள். கேட்பவர்கள் குறைந்தபோது அவளும் நிறுத்திக்கொண்டாள்.

அம்மா நிறுத்தவில்லை. கேபினுக்குள் கண்ணை மூடிப் படுத்திருந்தவள், நேரில் பார்த்தவள் மாதிரிச் சொன்னாள். "எங்கேயோ வேடிக்க பாத்துக்கிட்டு வீலப் புடிச்சு இழுத்துட்டா. என் புள்ளய முழுங்கிட்டா." முடிவில், "சின்னவன்கிட்ட கேளுங்க, மெஷின் சரியாத்தான் இருக்காம்" என்று முத்திரை குத்துவாள். படகு மெக்கானிக் வாயால் வந்த சொல். அதற்கு மேல் யார் பேசுவார்கள்?

இன்று புதன்கிழமை. நாலு மணிக்குள் எழுத்து மூலமாக அறிக்கை வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். கோளாறு இல்லை என்று எழுதினால் அண்ணி மேல் வழக்கு. கவனக்குறைவால் உயிர்ச்சேதம். ஜெயில்கூட உண்டு.

அதனால்தான் மூன்றாவது முறையாகச் சோதனை. காலை எட்டரைக்கு அவன் படகு பழுதுபார்க்கும் யார்டுக்கு வந்தபோது அண்ணி ஏற்கெனவே படகில் உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பக்கத்துப் படகில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த நண்டு, முகமூடியைத் தூக்கிச் சின்னவனைப் பார்த்தான். யார்டில் ஏணி ஏறும்போதுகூடப் பக்கவாட்டில் போகிறவன் என்பதால் அந்தப் பெயர்.

"ஏழு மணியிலேர்ந்து உக்காந்திருக்காங்க. டீ வேணுமான்னு கேட்டேன். பதிலே இல்ல."

"வேலையப் பாருடா."

"பாக்கத்தான் போறேன். நீயும் பாரு. போன ரெண்டு தடவையும் பாத்த மாதிரி பாக்காத."

சின்னவனுக்குச் சுருக்கென்றது. போன இரண்டு தடவையும் அவன் எப்படிப் பார்த்தான் என்பது அவனுக்குத் தெரியும். ஆட்டோபைலட்டைப் பொருத்தியவன் அவனே. ஒவ்வொரு ஒயராகத் தொடும்போதும், இங்கே எதுவும் இருக்கக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே தொட்டான். எதுவும் இல்லை. அந்த நிம்மதியோடு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

நண்டையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். நாற்பது நிமிடம் ஓட்டினார்கள். கோடு போட்ட மாதிரிப் போனது படகு. வேகத்தைக் கூட்டினான், குறைத்தான், அலைக்குக் குறுக்கே விட்டான். அசையவில்லை. துறைக்குத் திரும்பிக் கயிறு கட்டியபோது மணி பதினொன்றரை.

"அண்ணி, நானும் என்ன பண்றது சொல்லுங்க. ஒண்ணும் இல்ல."

"அன்னிக்கு இருந்த மாதிரியா இப்ப இருக்கு?"

"அதே படகு. அதே மெஷின்."

"அது கத்துனது எதுக்கு?"

"எது?"

"திரும்பறதுக்கு முன்னாடி மூணு தடவ கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. நான் அதப் பாக்கத்தான் குனிஞ்சேன். அதுக்குள்ள வீலு தானா ஓடுது. புடிச்சேன். என்னய எதுத்து இழுக்குது."

சின்னவன் கையிலிருந்த கயிற்றை விட்டான். "இத ஏன் அண்ணி மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா தம்பி?"

அவன் கேட்கவில்லை. எட்டு வாரத்தில் மெஷினை மூன்று முறை சோதித்தான். பக்கத்தில் இருந்த ஒரே சாட்சியிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

படகு போக வேண்டிய திசையைவிட்டு விலகிவிட்டது என்று ஆட்டோபைலட் நினைத்தால் அப்படிக் கத்தும். நேராகப் போய்க்கொண்டிருந்த படகு விலகிவிட்டதாக அது நினைத்திருக்கிறது. இல்லாத விலகலைச் சரிசெய்யத் திருப்பியிருக்கிறது. அப்படியென்றால் அதற்குத் திசை சொல்கிற காம்பஸ் பொய் சொல்லியிருக்கிறது. டப்பா போல இருக்கும் அந்தக் காம்பஸ் கேபினில் படுக்கைப் பலகைக்கு அடியில் இருந்தது.

அது இருக்க வேண்டிய இடம் அதுவல்ல. ஆள் புழங்காத நடுச்சுவரில், இரும்போ காந்தமோ ஒரு மீட்டருக்குள் வராத இடத்தில் வைக்கச் சொல்லிப் புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருந்தார்கள். பொருத்திய அன்றைக்கு ஒயர் இரண்டடி குறைந்தது. சுவரில் ஓட்டை போட வேண்டியிருந்தது. "புதுப் படகுடா, அங்கங்க ஓட்டை போடாத" என்றான் அண்ணன். சின்னவனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. பலகையைத் தூக்கி நாலு ஸ்க்ரூ போட்டு முடித்தான். "இங்க இரும்பு எதுவும் வெச்சிராதண்ணே" என்று அண்ணனிடம் வாயால் சொன்னதோடு சரி.

பலகையைத் தூக்கிப் பார்த்தான். காம்பஸைத் தவிர ஒன்றும் இல்லை.

"அம்மா இங்கதான படுத்திருந்தாங்க? கையில என்ன வெச்சிருந்தாங்க?"

"ஒண்ணும் வெச்சிருக்கல. முட்டி வலிக்குதுன்னு அந்தப் பட்டையக் கட்டிக்கிட்டு ஒருக்களிச்சுப் படுத்தாங்க."

நண்டு, "என்ன பட்டை?" என்று கேட்டான். சின்னவன் கேட்கவில்லை. போன வருஷக் கடைசியில் அதை வாங்கிக் கொடுத்தவனே அவன். கறுப்புத் துணியில் வரிசையாகக் காந்தம் வைத்துத் தைத்த முட்டிப் பட்டை.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிடம். அம்மா டிவி முன்னால் இருந்தாள். கட்டில் தலைமாட்டில் பட்டை சுருண்டு கிடந்தது.

"அத எங்கடா எடுத்துட்டுப் போற? எனக்கு வேணும்."

"பாத்துட்டுத் தரேன்."

"இன்னிக்கு எழுதிக் குடுத்துருவல்ல? மெஷின் நல்லாத்தான் இருக்குன்னு?"

அவன் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் வெளியே வந்தான்.

படகில் ஆட்டோபைலட்டைப் போட்டான். திரையில் இருநூற்றுப் பன்னிரண்டு டிகிரி. அண்ணியை வீலுக்கு முன்னால், அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே உட்காரச் சொன்னான். உள்ளே போய்ப் பட்டையை மெத்தையின் மேல், அம்மாவின் முட்டி வரும் இடத்தில் வைத்தான். ஒன்றும் ஆகவில்லை. தூக்கத்தில் புரளும் கால் மாதிரி ஒரு சாண் தள்ளினான்.

கீச்சு. கீச்சு. கீச்சு.

திரையில் எண் நூற்று அறுபதுக்கு விழுந்தது. படகு இடது பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். கட்டிப்போட்ட படகு எங்கேயும் போகவில்லை. அடியில் மோட்டார் முனகியது. வீல் வலது பக்கம் சுழன்றது, ஒரு கை பிடித்துத் திருப்புவது போல, முடிவு வரைக்கும். அண்ணி இரண்டு கைகளையும் காதுக்கு மேலே தூக்கி வைத்திருந்தாள். யாரோ துப்பாக்கியை நீட்டியது மாதிரி.

"இன்னொரு தடவ," என்றாள்.

மறுபடி செய்தான். மறுபடி சுழன்றது.

"இன்னொரு தடவ."

நாலு தடவை செய்யவைத்தாள். நாலாவது தடவை முடிந்த பிறகுதான் கையை இறக்கினாள். அழவில்லை. நண்டு துறைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "மாமியார் ஒடச்சா மண்சட்டிம்பாங்க," என்று ஆரம்பித்தவன், அண்ணியின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிக்கொண்டு போய்விட்டான்.

"வாங்க தம்பி," என்றாள் அண்ணி. "அத்தைகிட்ட சொல்லணும். நீங்க சொல்லணும். நான் நிக்கிறேன்."

"மொதல்ல அறிக்கைய எழுதிக் குடுத்துட்டு..."

"மொதல்ல அத்தை."

அம்மா டிவியை அணைக்கவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தாள். சின்னவன் பட்டையை மேஜையில் வைத்துச் சொன்னான். காம்பஸ், காந்தம், மூன்று முறை கத்தியது, நூற்று அறுபது. நடுவில் நாக்கு வறண்டது. யாரும் தண்ணீர் தரவில்லை. அண்ணி கதவுக்கு உள்ளே ஓரடி தள்ளி நின்றாள்.

அம்மா பட்டையையே பார்த்தாள். கை தானாக வலது முட்டிக்குப் போனது, உடனே சுட்ட மாதிரி எடுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"இத யாரு வாங்கிக் குடுத்தது?"

"நான்."

"அந்த டப்பாவ மெத்தைக்கு அடியில யாரு வெச்சது?"

"நான்தாம்மா."

"இதக் கட்டிக்கிட்டு அங்க படுக்கக் கூடாதுன்னு எனக்கு யாராவது சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப நீதான்." குரலில் அழுகை இல்லை. முடிவு இருந்தது. பிறகு அண்ணி பக்கம் திரும்பினாள். எட்டு வாரத்தில் முதல் முறையாக முகத்தைப் பார்த்து, "உக்காரும்மா," என்றாள். "ஏன் நின்னுக்கிட்டே இருக்க? சாப்டியா?"

அண்ணி உட்காரவில்லை. "என் துணிமணி ரெண்டு பை இன்னும் உள்ள இருக்கு அத்தை. எடுத்துக்கிட்டுப் போறேன்." உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது சின்னவனைத் தாண்டித்தான் வர வேண்டும். அவன் வழிவிட்டான். "அண்ணி, நான்..." என்று ஆரம்பித்தான்.

"நீங்க எழுதறத எழுதுங்க," என்றாள். பைகள் கதவு நிலையில் இடித்தன. அவன் தூக்க நீட்டிய கையை அவள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தாள்.

அந்த மேஜை முன்னாலேயே உட்கார்ந்து எழுதினான். நிறுவியவரின் தவறு என்று தலைப்பிட்டுக் கீழே எல்லாவற்றையும் வரிசையாக எழுதினான். முதல் இரண்டு சோதனைகளை அரைகுறையாகச் செய்ததையும் சேர்த்தான். இதற்குப் பிறகு எந்தப் படகிலும் அவனை ஸ்க்ரூ ட்ரைவரோடு ஏற்ற மாட்டார்கள். வழக்கில் அண்ணி பெயர் இருந்த இடத்தில் இனி அவன் பெயர் இருக்கும். கையெழுத்துப் போட்டபோது மூன்றேகால்.

படியில் இறங்கிச் செருப்பைத் தேடும்போது உள்ளே அம்மா போனில் பேசுவது கேட்டது. "ஆமாங்க, இப்பத்தான் தெரிஞ்சுது. பாவம், மருமக மேல ஒரு தப்பும் இல்ல. சின்னவன் பண்ண வேல. என் புள்ளய முழுங்கிட்டான்." எட்டு வாரமாகக் கேட்ட அதே குரல், அதே ஏற்ற இறக்கம். கடைசியில் ஓர் எழுத்து மட்டும்தான் கூடியிருந்தது. அந்தப் பக்கத்து ஆள் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அம்மா முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

சின்னவன் காகிதம் மடங்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தான்.