முதுகில் ஒரு லேபிள்

பனியனுக்கு உள்ளே கழுத்தோரம் ஒரு சின்ன லேபிள் இருக்குமே, முறுக்கிப் பிழியாதீர், வெயிலில் காயவைக்காதீர் என்று. அதை யாரும் படிப்பதில்லை. அருள்புரத்தில் நான் டிசைனராக இருக்கும் கம்பெனியில், பிரிண்டிங் தீனதயாளன் அதைப் போய் முதுகுப் பிரிண்ட் என்று நினைத்து, முதுகு முழுக்க வருகிற மாதிரி அடித்துவிட்டார். ஒரு கட்டு பனியன் ரிஜெக்ட். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரர் குகன் சாப்பாடு டெலிவரி செய்கிறவர். முந்தின நாள்தான் பல்லடம் ரோட்டில் ஒரு ஏசி ஓட்டல் வாசலில், பார்சலுக்காக நின்று நின்று மயங்கி விழுந்திருந்தார். டெலிவரி ஆட்கள் உள்ளே வரக்கூடாது என்று அங்கே போர்டே மாட்டியிருக்கிறார்கள். தண்ணீர் கொடுத்தது எதிரே இருந்த பஞ்சர் கடைக்காரர். மறுபடியும் அதே வெயிலில்தான் போய் நின்றாக வேண்டும். துணிக்கு இருக்கிற அக்கறை அதைப் போட்டிருக்கிற மனுஷனுக்கு இல்லையா என்று எனக்கு வயிறு எரிந்தது.

அன்றே லேபிள் மாதிரி ஒன்று வரைந்தேன். சூரியன் மேல் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. கீழே கொட்டை எழுத்தில், ‘நூறு சதவீதம் மனிதர். வெயிலில் நிறுத்தாதீர்.’ முதலாளியிடம் சொல்லிவிட்டு, அந்த ரிஜெக்ட் பனியன்களையே உள்புறம் வெளியே திருப்பி, தீனதயாளன் அடித்துக் கொடுத்தார்.

குகனுக்குப் பயம். “வம்பாயிரும் புள்ள. ஐடியை பிளாக் பண்ணிப்போடுவாங்க.”

“நீங்க ஒண்ணும் பேச வேண்டாங்க. திரும்பி நின்னாப் போதும்.”

ஞாயிறு மதியம் குகனும் அவரோடு டெலிவரி செய்கிற கூட்டாளிகளும் முதுகுப் பையைக் கழற்றி வைத்துவிட்டு, டெலிவரி கம்பெனிச் சட்டைக்கு மேலேயே அந்தப் பனியனை மாட்டிக்கொண்டு, அதே ஓட்டல் கண்ணாடிக்கு முதுகு காட்டி வரிசையாக நின்றார்கள். நான் உள்ளே ஒரு காபியை ஆற்றிக்கொண்டே இருந்தேன். பிரியாணி சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகப் படித்தார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு வெளியே போனார். இன்னொருவர் தன் நாற்காலியையே தூக்கிக்கொண்டு போனார். பிறகு பாதிக் கடை எழுந்துவிட்டது.

ஓட்டல் முதலாளி தரணீதரன் முகம் சிவக்க வந்தார். காலியான மேசைகளைப் பார்த்தார். தன் கையாலேயே அந்த போர்டைக் கழற்றினார்.

“உள்ள வந்து உக்காருங்க.”

குகன் வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, நன்றாகச் சாய்ந்துகொண்டார். முதுகில் நான் வரைந்தது ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் இப்படி உட்கார்வதைப் பார்க்கத்தானே வரைந்தேன்.